கதாநாயகன் மயங்கி விழுந்த காட்சி: ஒரு திரையிடலும் இரண்டாகப் பிரிந்த அரங்கும்

பின்னணி

எங்கள் திரைப்பட வட்டம் மாதம் ஒரு படம் திரையிட்டு, முடிந்ததும் ஒரு மணி நேரம் பேசும் சிறு குழு. வழக்கமாக நாற்பது பேர் வரை வருவார்கள். பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பாதி, கல்லூரி மாணவர்களும் இளைஞர்களும் பாதி. படத் தேர்வு பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. கனமான படங்களாகவே தொடர்ந்து பார்த்துக் களைத்துவிட்டோம், ஒரு மாதமாவது விட்டுச் சிரிக்கும்படி ஏதாவது போடுங்கள் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நான் தேர்ந்தெடுத்த படம், ஜான் கார்பென்டர் இயக்கி 1986-இல் வெளியான ‘பிக் ட்ரபிள் இன் லிட்டில் சைனா’.

பேயும் மந்திரமும் குங்ஃபூவும் நகைச்சுவையும் ஒன்றாகக் கலந்த படம் அது. அன்று அரங்கம் இரண்டாகப் பிரிந்தது. கருத்து வேறுபாடு எங்களுக்குப் புதியதல்ல, அதற்காகத்தான் கூடுகிறோம். ஆனால் அன்று வேறுபாடு ஆளையே குறை சொல்வதில் போய் முடிந்தது. ஓர் இளைஞர் மனம் புண்பட்டு எழுந்து போனார். நான் எதைத் தவறாகச் செய்தேன், எதைப் பிறகு சரிசெய்ய முடிந்தது, எது இன்னும் அப்படியே நிற்கிறது என்பதை, இதுபோன்ற திரையிடல்களை நடத்துகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம்

ஜாக் பர்ட்டன் ஒரு லாரி ஓட்டுநர். கர்ட் ரஸ்ஸல் நடித்திருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் உணவகம் நடத்தும் நண்பன் வாங், ஒரு பந்தயத்தில் அவனிடம் தோற்கிறான். கடனைத் திருப்பித் தருவதற்கு முன் தன் வருங்கால மனைவியை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போகவேண்டும் என்கிறான். போன இடத்தில், பச்சைக் கண்கள் கொண்ட அந்தப் பெண்ணை ஒரு கும்பல் கடத்திவிடுகிறது. அவளைத் தேடிப் போகிறவர்கள், சைனாடவுனுக்கு அடியில், சாபத்தால் உடலை இழந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அலையும் லோ பான் என்ற மாயாவியிடம் போய்ச் சேருகிறார்கள். அவன் மறுபடி மனித உடலைப் பெறப் பச்சைக் கண் மணமகள் வேண்டும். இடி, மழை, மின்னல் என்று மூன்று அடியாட்கள் அவனுக்கு உண்டு.

தோற்றத்தில், பேச்சில், நடையில் எல்லாம் ஜாக்தான் கதாநாயகன். வேலையைச் செய்வதோ வாங். வாளெடுத்துச் சண்டை போடுவதும், காதலியை மீட்பதும், எங்கே போவது என்று அறிந்து நடத்துவதும் அவனே. உச்சக்கட்டப் போர் தொடங்கும்போது ஜாக் உற்சாகத்தில் மேலே பார்த்துச் சுடுகிறான். கூரையிலிருந்து பெயர்ந்த கல் தலையில் விழுந்து மயங்கிவிடுகிறான். மற்றவர்கள் சண்டை போட, அவன் தரையில் கிடக்கிறான். கதாநாயகனுக்குத் தோழனுடைய வேலையையும் தோழனுக்குக் கதாநாயகனுடைய வேலையையும் மாற்றிக் கொடுத்ததுதான் படத்தின் அடிப்படை நகைச்சுவை.

இந்தப் படம் வெளியானபோதே பார்வையாளர்களுக்குப் பிடிபடவில்லை. அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 1.1 கோடி டாலர் வசூலித்தது. தயாரிக்க ஆன செலவு அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இரண்டு வாரம் கழித்து அதே நிறுவனத்தின் ‘ஏலியன்ஸ்’ வந்து அரங்குகளை எடுத்துக்கொண்டது. கார்பென்டர் பெரிய நிறுவனங்களை விட்டு விலகி, சிறிய செலவில் அடுத்த படத்தை எடுக்கப் போனார். பிறகு வீடியோ கேசட்டுகள் வழியாகத்தான் இந்தப் படத்துக்குப் பற்றுள்ள ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

எங்கள் திரையிடலில் நடந்ததற்கு முக்கியமாகிவிட்ட செய்தி ஒன்று உண்டு. படத்தின் முதல் காட்சியில் ஒரு வழக்கறிஞர் முன் முதியவர் எக் ஷென் அமர்ந்து, ஜாக் பர்ட்டன் எவ்வளவு துணிச்சல்காரன் என்று சொல்கிறார். அந்தக் காட்சி முதலில் திட்டத்தில் இல்லை. கதாநாயகன் போதிய வீரனாகத் தெரியவில்லை என்று தயாரிப்பு நிறுவனம் கவலைப்பட்டதால் பின்னால் சேர்க்கப்பட்டது. தன் கதாநாயகன் ஒரு வாய்ச்சொல் வீரன் என்று காட்டத் துடிக்கும் படத்தின் வாசலிலேயே, அவன் உண்மையான வீரன் என்று பலகை மாட்டியதுபோல் ஆயிற்று.

அழைப்புக் குறிப்பு

ஒவ்வொரு திரையிடலுக்கும் பத்து நாள் முன்பு உறுப்பினர்களுக்கு நான் ஓர் அழைப்புக் குறிப்பு அனுப்புவேன். அந்த மாதம் எழுதியது இது: “அஞ்சா நெஞ்சம் கொண்ட ஒரு லாரி ஓட்டுநர், பல நூற்றாண்டுகள் வாழ்ந்த மாயாவியை எதிர்த்து நிற்கும் அதிரடிச் சாகசம். சண்டைப் பிரியர்கள் தவறவிடக்கூடாது.”

பதினெட்டுச் சொற்கூட வராது. நகைச்சுவை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. திருப்பத்தைக் கெடுத்துவிடக்கூடாது என்று எண்ணி, ஜாக்கின் வீரத்தை உண்மையாகவே எழுதிவிட்டேன். 1986-இல் தயாரிப்பு நிறுவனம் செய்த அதே தவறை, அந்த வரலாறு தெரிந்த நானே திரும்பச் செய்தேன். எழுதும்போது அது எனக்கு உறைக்கவில்லை.

திரையிடல் அன்று கண்டவை

நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். வழக்கம்போல் நான் கடைசி வரிசையின் ஓரத்தில் அமர்ந்தேன். படத்தோடு அரங்கத்தையும் பார்க்க அந்த இடம் வசதி.

முதல் இருபது நிமிடம் அமைதியாகப் போயிற்று. பிறகு சைனாடவுன் சந்துக் காட்சி வந்தது. ஒரு சவ ஊர்வலம் போகிறது. இரண்டு கும்பல்கள் மோதுகின்றன. சண்டையின் நடுவில் புகையும் மின்னலுமாக அந்த மூன்று அடியாட்கள் வந்து இறங்குகிறார்கள். தலையில் கூடை அளவுக்கு அகன்ற வைக்கோல் தொப்பி. ஜாக் பதறி லாரியைக் கிளப்ப, எதிரே வந்து நிற்கும் லோ பான் மீது வண்டி ஏறிப் போகிறது. இறங்கிப் பார்த்தால் அவன் அலுங்காமல் நிற்கிறான். வாயிலிருந்தும் கண்களிலிருந்தும் வெளிச்சம் கொட்டுகிறது.

முன்வரிசை மாணவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நடு வரிசைகளில் பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, பக்கத்தில் இருந்தவரிடம் குரலைத் தாழ்த்தாமல் கேட்டார்: “இதை உண்மையாகவே இப்படி எடுத்திருக்கிறார்களா, கேலிக்காக எடுத்திருக்கிறார்களா?”

பக்கத்தில் இருந்தவருக்குப் பதில் தெரியவில்லை. அந்த நிமிடத்தில் என் மனத்தில் ஓடியது, “டீச்சருக்குப் புரியவில்லை” என்பது. அந்த எண்ணத்தைப் பின்னால் நான் திருத்திக்கொள்ளவேண்டி வந்தது.

அதிலிருந்து சிரிப்பு ஒரு பக்கமாகவே வந்தது. மற்றப் பக்கத்தின் அமைதி நேரம் ஆக ஆக இறுகிற்று. சிரிக்கிறவர்கள் சிரிக்காதவர்களைத் திரும்பிப் பார்ப்பதும், அவர்கள் இவர்களைப் பார்ப்பதும் இருட்டிலேயே தெரிந்தது. ஜாக் மயங்கி விழுந்த காட்சியில் முன்வரிசையில் ஒரு மாணவர் அடக்கமாட்டாமல் சிரித்தார். நடுவில் ஒருவர், “அடச் சே!” என்று உரக்கச் சொன்னார். உதட்டில் முத்தத்தின் சாயம் அப்பியிருக்க ஜாக் மாயாவியின் முன் நின்று வசனம் பேசும் காட்சியில் மூன்று பேர் எழுந்து போனார்கள். எசமான் இறந்த ஆத்திரத்தில் இடி என்ற அடியாள் பலூன்போல் ஊதிப் பெருத்து வெடிக்கும் காட்சியில் இன்னும் இருவர். முன்னரே போனவர்களையும் சேர்த்தால் எட்டுப் பேர் முடிவைப் பார்க்கவில்லை. எங்கள் வட்டத்தில் பாதியில் எழுந்து போவது அரிது.

கலந்துரையாடல் சிதைந்த விதம்

விளக்கைப் போட்டதும், “படம் எப்படி?” என்று பொதுவாகக் கேட்டேன். இது இரண்டாவது தவறு. ஏற்கெனவே இரண்டு அணியாக நிற்கிறவர்களிடம் அப்படிக் கேட்டால் தீர்ப்புத்தான் வரும்.

முதலில் பேசியவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பொம்மை வேலை, ஒட்டவைத்த முகமூடி, கதை என்று ஒன்றில்லை என்றார். “அடச் சே” அவருடையதுதான். குங்ஃபூ கற்றுத்தரும் மாஸ்டர் ஒருவர் எங்கள் உறுப்பினர். சண்டைக்காரர்கள் நன்கு பயின்றவர்கள் என்பது தெரிகிறது, ஆனால் அடி விழும் நேரத்தில் படம் வேறெங்கோ தாவிவிடுகிறது என்று அவர் வருத்தப்பட்டார். முன்வரிசை மாணவர் எழுந்து, பல நாளாக இவ்வளவு சிரித்ததில்லை, கதாநாயகன் தன்னைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் ஒவ்வொரு காட்சியிலும் உடைவதுதான் படம் என்றார். நான் சொல்லியிருக்கவேண்டியதை அவர் ஒரே வரியில் சொன்னார். அது யார் காதிலும் விழவில்லை. ஏனென்றால் வங்கி அதிகாரி குறுக்கிட்டு, “தம்பி, இந்தக் குப்பையைப் பார்த்துச் சிரிப்பதற்கு ரசனை என்று ஒன்று தேவையே இல்லை” என்றார்.

அந்த மாணவர் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, நாற்காலிக்கு அடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவருடைய நண்பர்கள் இருவரும் பின்னாலேயே போனார்கள்.

நான் உடனே தலையிட்டிருக்கவேண்டும். வயதில் பெரியவரைச் சபையில் தடுக்கத் தயங்கி, “சரி, அடுத்தவர்” என்றேன். இன்றைக்கும் என்னை உறுத்துவது இந்த இடம்தான்.

அடுத்துப் பேசிய பெண், பதிப்பகத்தில் பணிபுரிபவர். அவர் எழுப்பியது முற்றிலும் வேறு கேள்வி. சீனர்கள் வாழும் பகுதி என்றாலே நிலவறை, மாந்திரீகம், பெண் கடத்தல், நீண்ட நகம் வைத்த கிழ மாயாவி என்று காட்டுவது சாக்ஸ் ரோமர் 1913-இல் ஃபூ மான்சு என்ற கொடியவனை வைத்து எழுதிய முதல் நாவலின் காலத்திலிருந்து வரும் பழக்கம். கேலியாகக் காட்டினாலும் அது அதே பழக்கம்தான் என்றார். நேரமாகிவிட்டது என்று நான் கூட்டத்தை முடித்தேன். அன்றைய பேச்சில் மிக ஆழமான கேள்விக்குக் கிடைத்தது மூன்று நிமிடம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறுநாளே மாணவருக்குத் தொலைபேசியில் பேசினேன். வங்கி அதிகாரியின் சார்பில் எதுவும் சொல்லவில்லை. தலையிடாதது என் பிழை என்று மட்டும் சொன்னேன். அவர், “பரவாயில்லை சார், இனிமேல் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன்” என்றார். வற்புறுத்தவில்லை.

அடுத்து, என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள வழி தேடினேன். மதிப்பெண் போடச் சொல்லலாம் என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் அணிகளின் எண்ணிக்கை தெரியும். பிரிந்த இடம் தெரியாது. அதற்குப் பதிலாக எல்லாரிடமும் இரண்டே கேள்விகளை அனுப்பி, சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு காட்சி எது? எழுந்து போய்விடலாம் என்று தோன்றிய ஒரு காட்சி எது? பெயர் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். பாதியில் போனவர்களிடமும் கேட்டேன். முப்பத்தொரு சீட்டுகள் வந்தன.

சீட்டுகளில் இருந்தது

இரு தரப்பும் வெவ்வேறு காட்சிகளை எழுதியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பன்னிரண்டு பேர் மிகவும் பிடித்ததாகவும், ஏழு பேர் எழுந்து போகத் தோன்றியதாகவும் குறித்திருந்தது ஒரே காட்சியை: கூரைக்கல் விழுந்து ஜாக் மயங்கும் காட்சி. ஆக, எல்லாரும் ஒரே படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் சீட்டில் இப்படி இருந்தது: “இரண்டு மணி நேரம் இவனுக்காகக் காத்திருந்தேன். சண்டை வந்ததும் படுத்துவிட்டான்.” இன்னொன்றில்: “வாங்தான் கதாநாயகன் என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஜாக் வாயைத் திறந்தாலே சிரிப்புத்தான்.”

யாரைக் கதாநாயகனாக எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் அரங்கம் பிரிந்திருந்தது. வாயிற்படியிலேயே ஜாக் வீரன் என்று சொல்லி அனுப்பியவன் நான். காத்திருந்தவர் காத்திருந்ததில் அவர் பிழை ஏதுமில்லை.

சீட்டுகளைத் தந்தவர்களோடு பேசியதில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் காட்சியைப் பிடித்ததாக எழுதிய பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் எண்பதுகளின் ஹாங்காங் படங்களை ஏற்கெனவே நிறையப் பார்த்தவர்கள். பேய் வந்து பயமுறுத்தும் காட்சிக்குள்ளேயே வழுக்கி விழும் வேடிக்கையும், உடனே ஓர் அபாரமான சண்டையும் வருவது அவர்களுக்குப் பழகிய ருசி. கார்பென்டர் எடுத்துக்கொண்ட மாதிரியும் அதுதான். சூய் ஹார்க் 1983-இல் இயக்கிய ‘ஜூ’ போன்ற மாயச் சாகசப் படங்களின் தாக்கம் இந்தப் படத்தில் வெளிப்படை. ருசி பழகாதவர்களுக்கு அதே கலவை, இயக்குநருக்குக் கை ஓடாத குழப்பமாகத் தெரிந்தது.

ஆசிரியையின் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘கேம்ப்’ என்றொரு சொல் உண்டு. மிகையையும் செயற்கையையும் மறைக்காமல், அதிலேயே களிப்புக் காணும் பாணி. சூசன் சோன்டாக் 1964-இல் இதைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தன்னையறியாமல் அப்படி அமைவதையும் அறிந்தே அப்படிச் செய்வதையும் பிரித்துப் பார்க்கிறார். “உண்மையாகவா, கேலிக்காகவா?” என்று ஆசிரியை கேட்டது இதையேதான். அவருடைய சீட்டில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக இருந்தது: “விட்டலாச்சார்யா படத்தில் பிசாசு வந்தால் அது பிசாசுதான். இங்கே பிசாசு வந்தால் நான் பயப்படவேண்டுமா, சிரிக்கவேண்டுமா என்று யாரும் சொல்லவில்லை.”

இதை எழுதியவருக்குப் படம் புரியவில்லை என்று சொல்ல முடியாது. எந்தச் சிரிப்பு தன்னிடம் எதிர்பார்க்கப்படுகிறது என்று அவர் கேட்டிருக்கிறார். நாணயமான கேள்வி.

இரண்டாம் மாதம்

அடுத்த திரையிடலுக்கு வேறு படம் முடிவாகியிருந்தது. அதை ஒத்திவைத்து, 1985-இல் ரிக்கி லாவ் இயக்கி, சம்மோ ஹங் தயாரித்த ஹாங்காங் படம் ‘மிஸ்டர் வாம்பயர்’ போட முடிவு செய்தேன். முதல் படத்தையே மறுபடி போடலாம் என்று மாணவர்கள் கேட்டார்கள். எழுந்து போனவர்களை மீண்டும் அதே நாற்காலியில் உட்காரவைப்பது சரியாகப்படவில்லை. அந்த ருசி பிறந்த அடுப்படியைக் காட்டிவிட்டு, பிறகு முதல் படத்தின் சில காட்சிகளை மட்டும் திரும்பப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

அழைப்புக் குறிப்பு இம்முறை நீளமாகவே இருந்தது. இது சிரிப்புப் படம், பேய்ப்படம், சண்டைப்படம் மூன்றும் என்று எழுதினேன். ‘ஜியாங்ஷி’ என்பது சீன நாட்டார் கதைகளின் விறைத்த பிணம். மூட்டு மடங்காததால் கையை நீட்டிக் குதித்துக் குதித்து வரும். வெளியூரில் இறந்தவர்களை மந்திரத்தால் நடத்திச் சொந்த ஊர் சேர்க்கும் ‘பிணம் ஓட்டுதல்’ என்ற ஹுனான் பகுதி நம்பிக்கையோடு தொடர்புள்ளது என்றும் சேர்த்தேன்.

முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். யாரும் பாதியில் போகவில்லை. ஏன் என்பதில் எனக்கு ஒரு துணிபு உண்டு. இந்தப் படத்தில் மாயத்துக்குச் சட்டம் இருக்கிறது. மூச்சை அடக்கினால் பிணத்துக்கு ஆள் இருப்பது தெரியாது. நெற்றியில் மஞ்சள் தாயத்துச் சீட்டை ஒட்டினால் நின்றுவிடும். கடிபட்டவன் உடலிலிருந்து நஞ்சை இழுக்கப் பசையரிசி வேண்டும். சட்டம் தெரிந்த பிறகு, அதை ஒருவன் கோட்டைவிடும்போது பார்வையாளர் ஒரே நேரத்தில் பயப்படவும் சிரிக்கவும் செய்கிறார். பிணம் வெளியே வராதபடி சவப்பெட்டி முழுவதும் மையால் கோடு போடச் சொல்லிவிட்டுக் குரு போகிறார்; சீடர்கள் இருவரும் அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். அந்தக் காட்சியில் வங்கி அதிகாரி, “கீழே! கீழே!” என்று தன்னை மறந்து சொன்னதைக் கேட்டேன். பசையரிசி வாங்கப் போன சீடனுக்கு வியாபாரி சாதா அரிசியைக் கலந்து கொடுக்கும் இடத்தில் கணித ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். கலப்படத்தால் மனிதன் பேயாகப் போகிறான் என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மாஸ்டருக்குப் பிடித்தது குருவாக நடித்த லாம் சிங்-யிங். புரூஸ் லீ படங்களின் சண்டைக் குழுவில் பணியாற்றி வளர்ந்தவர். 1997-இல் நாற்பத்து நான்கு வயதில் மறைந்தார். சுற்றிலும் எல்லாரும் கூத்தடிக்க, அந்தக் குரு ஒருமுறைகூடப் பார்வையாளரைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. புருவத்தை நெரித்துக்கொண்டு, தன் தொழிலை முழு நம்பிக்கையோடு செய்கிறார். “அவர் நம்புகிறார் சார், அதனால் நானும் நம்பிவிட்டேன்” என்றார் மாஸ்டர். அன்று பேசிய யாரும் இந்த வகைப் படங்களைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

பிறகு முதல் படத்தின் நான்கு காட்சிகளைப் போட்டேன். தொடக்கத்தில் பந்தயத்தில் வாங் அடித்த புட்டி தெறித்து வர, ஜாக் அதைப் பிடிப்பது. சந்துக் காட்சி. மயங்கி விழுவது. கடைசியாக, ஜாக் எறிந்த கத்தி குறி தவற, மாயாவி அதைத் திருப்பி எறிய, ஜாக் பிடித்து அதே வேகத்தில் எறிந்து அவனைக் கொல்வது. முதல் காட்சியையும் நான்காவதையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது அரங்கத்தில் சலசலப்பு எழுந்தது. புட்டியைப் பிடித்த கைதான் கத்தியையும் பிடிக்கிறது. படம் முழுக்க உதவாக்கரையாக இருந்தவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை, தொடக்கத்திலேயே காட்டப்பட்டிருக்கிறது. “இது தற்செயல் இல்லையே” என்றார் வங்கி அதிகாரி. குப்பை என்ற சொல்லை அவர் அன்று பயன்படுத்தவில்லை. திரும்பப் பெறவும் இல்லை.

ஆசிரியை கடைசியாகப் பேசினார். எனக்காகவே பேசினார் என்று எடுத்துக்கொண்டேன். “இரண்டாவது படம் எனக்குப் பிடித்தது. முதல் படத்தின் நோக்கம் இப்போது தெரிகிறது. தெரிந்த பிறகும் அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் படத்தில் மந்திரத்துக்கு வரம்பே இல்லை. எதுவும் நடக்கலாம் என்றால் எது நடந்தாலும் எனக்கு ஒன்றுதான். நான் சிரிக்காததற்குப் புரியாமை காரணம் என்று நினைத்துவிடாதீர்கள்.”

அப்படி நான் நினைத்திருந்தது உண்மை. அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

முன்வரிசை மாணவர் அன்று வரவில்லை. மூன்றாம் மாதம் வந்தார். முன்வரிசையை விட்டு என் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வங்கி அதிகாரி இடைவேளையில் வந்து அவரிடம், குருவாக நடித்த லாம் சிங்-யிங்கின் படம் ஒன்றைப் பற்றிக் கேட்டார். மன்னிப்பு என்ற சொல் எழவில்லை. ஐந்து நிமிடம் பேசினார்கள்.

தீராமல் நிற்கும் கேள்வி

பதிப்பகப் பெண்ணின் கேள்விக்கு இரண்டாம் மாதம் தனியாக அரைமணி நேரம் ஒதுக்கினேன். படத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றவர்கள் சொன்னது இது: வாங்தான் திறமையானவன், காதலில் வெல்பவன்; அன்றைய ஹாலிவுட்டில் ஒரு சீன அமெரிக்க நடிகருக்கு, டென்னிஸ் டன்னுக்கு, அப்படியொரு பாத்திரம் கிடைத்ததே அரிது. எக் ஷென்னாக வரும் விக்டர் வாங் சான் பிரான்சிஸ்கோவிலேயே பிறந்தவர். லோ பானாக வரும் ஜேம்ஸ் ஹாங் மினியாபொலிசில் பிறந்தவர். ஒன்றும் விளங்காமல் விழித்து நிற்பவன் வெள்ளைக்காரன்தான். வெள்ளை நாயகன் கீழ்த்திசையைக் காப்பாற்றும் பழைய கதையைப் படம் கேலி செய்கிறது என்றார்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வாங் கதாநாயகன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர் வரிசையில் முதலில் நிற்பவர் கர்ட் ரஸ்ஸல். பெயர்கள் ஓடுவது ஜாக்கின் லாரியில். படம் முடிவதும் அவன் லாரியில்தான். கேலி செய்யப்படுவது ஒரு வெள்ளை மனிதன். அந்தக் கேலிக்கு மேடை போட மொத்தச் சைனாடவுனும் மாயக்கூடமாக வேண்டியிருக்கிறது.” ‘மிஸ்டர் வாம்பயர்’ தனக்கு ஏன் உறுத்தவில்லை என்றும் சொன்னார். அது தன் ஊர்ப் பேய்களை வைத்துத் தானே சிரிக்கும் படம்.

இரு பக்கமும் சொன்னது படத்தில் இருக்கிறது. எனக்கு இந்தப் படம் இன்றும் மிகவும் பிடிக்கும். அவருடைய வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டையும் சமன்செய்து ஒரு முடிவு சொல்ல முயலவில்லை.

மாற்றிக்கொண்டவை, மாற்றவேண்டியவை

அழைப்புக் குறிப்பில் படத்தின் தொனியை மறைப்பதை நிறுத்திவிட்டேன். திருப்பம் கெட்டுவிடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். ஜாக் மயங்கி விழுவான் என்று சொல்லவேண்டியதில்லை. “தன்னைக் கதாநாயகன் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவனின் கதை” என்று எழுதியிருந்தால் போதும். அதே நேரம் திரையிடலுக்கு முன் நீண்ட விளக்கமும் வேண்டாம். எப்போது சிரிக்கவேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் படம் போடுவது பார்வையாளரை மதிப்பதாகாது.

படம் முடிந்ததும் பேச்சைத் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் சீட்டு எழுதும் பழக்கத்தை வைத்துக்கொண்டோம். கேள்வி எப்போதும் காட்சியைப் பற்றியது. எப்படி இருந்தது என்று கேட்பதில்லை. படத்தை என்னவும் சொல்லலாம், பார்த்தவரைச் சொல்லக்கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே சொல்கிறேன். மீறினால் பேசுபவர் யாராக இருந்தாலும் நிறுத்துகிறேன்; இதுவரை இரண்டு முறை நிறுத்தியிருக்கிறேன், இரண்டு முறையும் கை நடுங்கியது.

வரிசையை இன்னொருமுறை அமைக்க வாய்த்தால் ஹாங்காங் படத்தை முதலில் போடுவேன். ஆசிரியை அப்போதும் கார்பென்டர் படத்தை விரும்பியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். எட்டுப் பேர் எழுந்து போயிருக்கமாட்டார்கள்.

நான்காம் மாதப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பதிப்பகப் பெண்ணிடம் கொடுத்தோம். வேயின் வாங் 1982-இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த ‘சான் இஸ் மிஸ்ஸிங்’ படத்தைக் கொண்டுவந்தார். அதே சான் பிரான்சிஸ்கோ, அதே சைனாடவுன். இரண்டு டாக்சி ஓட்டுநர்கள், தங்கள் பணத்தோடு காணாமல்போன சான் என்பவரைத் தெருத் தெருவாகத் தேடுகிறார்கள். சமையலறைகளும் மாடிப்படிகளும் சங்க அலுவலகங்களும் வருகின்றன. நிலவறை எங்கும் இல்லை. சான் கடைசிவரை கிடைப்பதில்லை. பத்தொன்பது பேர் வந்தார்கள். ஆசிரியை வந்திருந்தார், மாணவரும் வந்திருந்தார். அன்று சீட்டுகள் எழுதிமுடிக்கப் பத்து நிமிடம் போதவில்லை.